டிரங்க்கால் மேடத்தின் மூன்று நிமிடம்

பேசிக்கொண்டிருக்கிறவன் வாயைப் பாதியில் மூட வைப்பதைப் பொதுச்சேவையாகவே செய்தவர் இந்தச் சென்னை மாநகரத்தில் ஒரே ஒருவர்தான். எங்கள் டிரங்க்கால் மேடம். அவரை நாலு அரசியல் மேடைகளில் ஏற்றி உட்கார வைத்திருந்தால் நாடு எப்போதோ உருப்பட்டிருக்கும். நாட்டுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வந்து குடியேறினார். பதினாறு வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொண்டோம்.

நான் வீடு மாறி வந்த முதல் நாளே அந்த அதிர்ச்சி எனக்குக் கிடைத்தது. லாரியிலிருந்து என் பீரோவைத் தலைகீழாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கட்டில் நின்று கைப்பேசியில் பத்திரிகை ஆசிரியரிடம், இந்த வாரக் கட்டுரை ஏன் இன்னும் வரவில்லை என்பதற்கு ஒரு நல்ல பொய்யைக் கட்டிக்கொண்டிருந்தேன். பொய் சூடு பிடிக்கிற நேரத்தில் காதுக்குப் பின்னால் ஒரு குரல்.

"த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டென்ஷன் வேணுமா?"

தூக்கிவாரிப் போட்டது. கைப்பேசி கை நழுவி, ஒவ்வொரு படியாகக் குதித்துக் கீழே போனது. திரும்பிப் பார்த்தால், எழுபதைத் தாண்டிய ஒரு குள்ளமான அம்மாள். கழுத்தில் பழைய காலத்துக் கறுப்பு ஹெட்செட்டை மாலை மாதிரி போட்டிருந்தார். இடது மணிக்கட்டில் ஆம்பளைகள் கட்டுகிற பெரிய வாட்ச்.

"யாருங்க நீங்க?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

"மெட்ராஸ் டிரங்க்ஸ்," என்றார், அதுதான் தன் பெயர் என்பது போல. "லைன்ல கத்தக்கூடாது சார். பக்கத்து லைன்ல விழும்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. முன்பெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் நாமாக எண்ணை அழுத்திவிட முடியாது. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு ஊர், எண் எல்லாம் சொல்லிப் பதிவு செய்துவிட்டு, ஃபோன் பக்கத்திலேயே தவம் கிடக்க வேண்டும். அங்கே ஹெட்செட் மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கயிறு கயிறாக ஒயரைச் செருகி ஊருக்கு ஊர் இணைப்பார்கள். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்பார்கள். அதற்குப் பெயர் டிரங்க் கால். அந்த வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர் மேடம். வேலை போய்விட்டது, எக்ஸ்சேஞ்சும் போய்விட்டது. அந்த மூன்று நிமிடம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

"மெட்ராஸ்லேருந்து டெல்லிக்கு ஒரு குரல் போறது லேசுப்பட்ட காரியமா சார்?" என்பார். "ஐதராபாத் பொண்ணு வாங்கி, நாக்பூர் பொண்ணுகிட்ட கொடுப்பா. அவ டெல்லி பொண்ணுகிட்ட கொடுப்பா. மழை பேஞ்சா லைன் தேஞ்சுடும். அப்ப நடுவுல இருக்கற நாங்கதான் ரெண்டு பக்கமும் வாங்கி வாங்கிச் சொல்லணும். எத்தனை சாவு, எத்தனை கல்யாணம் என் வாயால சொல்லியிருக்கேன் தெரியுமா?"

நேராக எண்ணைச் சுற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்தபோது, "நடுவுல பொண்ணுங்க இல்லாம எப்படிப் போகும்? யார் கைமாத்தி விடுவா?" என்று மேலதிகாரியிடமே சண்டைக்குப் போனாராம். தந்தியை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று தலைக்குக் குளித்துவிட்டு வந்தாராம். செல்ஃபோனைப் பற்றி அவரிடம் பேச்செடுக்கவே கூடாது.

எங்கள் குடியிருப்பு வாசலில் காவல் அறை ஒன்று உண்டு. அதில் ஒரு பொதுத் தொலைபேசியும், பதினாறு வீட்டுக்கும் போகிற இன்டர்காம் பலகையும் இருந்தன. யாரும் நியமிக்காமலே மேடம் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை டியூட்டி. வாட்ச்மேன் ஏழுமலைக்கு அந்த எட்டு மணி நேரமும் வெளியே ஸ்டூல்தான். அவன் சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது வீடு பெரும்பாக்கத்தில்.

"இன்னா சார் பண்றது," என்பான். "டிரங்கம்மா உள்ள குந்திகினு கீது. நா என் ரூமுக்குள்ள பூறதுக்கே பர்மிசன் கேக்கவேண்டிதா கீது."

வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் அவர் ஒரு சீட்டு எழுதுவார், எக்ஸ்சேஞ்ச் பாஷையில் டிக்கெட். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டி வைத்திருப்பார். எங்கிருந்து, யாருக்கு, எத்தனை நிமிடம் என்று மூன்று வரி. அதோடு வகையும் உண்டு: ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிரியாணி வரவழைத்தேன். ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டியது, ஒன்றரை ஆகியும் காணோம். பசி காதை அடைத்தது. கீழே ஓடினேன். பிரியாணிக்காரப் பையன் பரிதாபமாக நிற்கிறான், பொட்டலம் மேஜை மேல் ஆறிக்கொண்டிருக்கிறது.

"மேடம்! ஏன் எனக்குச் சொல்லலை?"

"சொல்லுவேன் சார். ஆர்டினரியா புக் ஆயிருக்கு. முன்னாடி ரெண்டு கேஸ் சிலிண்டர், ஒரு இஸ்திரிக்காரர். வரிசைப்படிதான் வரும்."

"நான்தான் இங்கேயே நிக்கறேனே!"

"நீங்க வந்துட்டீங்க சார். கால் இன்னும் வரலையே."

அடப்பாவமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஏழுமலை என் காதோரம் வந்து, "சும்மா கம்முனு இரு சார். வாயக் குடுத்தீனா அப்பால பிரியாணியும் கெடியாது, ஒண்ணியும் கெடியாது," என்றான். அனுபவஸ்தன் சொன்னால் கேட்க வேண்டும். கேட்டேன். ஆறிப்போன பிரியாணியைத் தின்றேன்.

மூன்றாவது மாடிப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்த சமயம். மாப்பிள்ளை பெங்களூரில். அவள் மொட்டை மாடியில் கைப்பேசியோடு நடக்க ஆரம்பித்தால் கொடியில் போட்ட துணி காய்ந்து, மறுபடி பனியில் நனையும் வரை நடப்பாள். ஒருநாள் மாப்பிள்ளை உருகி உருகி என்னவோ சொல்லிக்கொண்டிருந்த கட்டத்தில், மேடம் பின்னாலிருந்து கைப்பேசியை வாங்கி, "பெங்களூர் பார்ட்டி, மூணு நிமிஷம் ஆச்சு, லைனை விடுங்க," என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் வெலவெலத்துப் போய், ஏதோ சர்க்கார் ஆள் ஒட்டுக் கேட்கிறார் என்று நினைத்து, நாலு நாள் பேசவே இல்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்று அந்தப் பெண்ணின் அம்மா காவல் அறை வாசலில் வந்து குய்யோ முறையோ என்று கத்தினாள். மேடம் அசையவில்லை. அவளுக்கும் மூன்று நிமிடம்தான் கொடுத்தார்.

இத்தனை அட்டூழியத்திலும் அவரிடம் ஒரு குணம் உண்டு. பதினாறு வீட்டு வம்பும் அந்தப் பலகை வழியாகத்தான் போனது. ஒரு வார்த்தை அவரிடமிருந்து வெளியே வந்ததில்லை. நானும் பத்திரிகைக்காரன், நைசாகத் தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். "காதுல விழுறது வாய்க்கு வரக்கூடாது சார். அது சர்வீஸ் ரூல்," என்று கதவைச் சாத்திவிடுவார்.

இனி என் கதையையும் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. எனக்கு ஒரே அண்ணன், நாக்பூரில். அப்பா சைதாப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டில் இறந்தபோது, அண்ணன் வர வேண்டிய விமானம் பனிமூட்டத்தில் கிளம்பவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்தவன். "இன்னும் ஒரு மணி நேரத்துல ஏறிடுவேன், இருடா," என்று அவன் ஃபோனில் கெஞ்சினான். இங்கே பெரியவர்கள், ராகு காலம் வருகிறது, எடு எடு என்று நெருக்கினார்கள். நான் எடுத்துவிட்டேன். அவன் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. காரியம் முடியும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர் போய் ஃபோன் பண்ணி, "எனக்கு இனிமே தம்பி கிடையாது," என்று சொல்லி வைத்துவிட்டான். மறு மாதம் நான் மந்தைவெளிக்கு வந்துவிட்டேன். ஆறு வருடம் ஆயிற்று. அவன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கும் திமிர் இருக்கிறதல்லவா?

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு வீடியோ கால் வந்தது. காக்கிச் சட்டை, பின்னால் ஏதோ சின்னம். அரைகுறை ஆங்கிலம், முழு அதட்டல். என் அண்ணன் பெயரைச் சரியாகச் சொல்லி, அவன் பெயரில் போதைப் பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, அவனைக் காவலில் வைத்திருக்கிறோம், நீயும் கைது, ஃபோனை வைக்காதே, யாரிடமும் பேசாதே என்றான். இப்படி ஒரு மோசடி நடக்கிறது, ஜாக்கிரதை என்று இதே பத்திரிகையில் எழுதியவன் நான்! இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் புத்தியில் எதுவும் ஓடவில்லை. அவனுக்குச் சர்க்கரை வியாதி ஆயிற்றே, லாக்கப்பில் யார் மாத்திரை கொடுப்பார்கள் என்ற ஒன்றுதான் ஓடியது. நாற்காலியிலேயே இரண்டு மணி நேரம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கீழே எனக்கு ஒரு கூரியர் வந்திருந்தது. மேடம் இன்டர்காமை அடித்துப் பார்த்துவிட்டு, பதில் இல்லை என்று சீட்டில் எழுதி, எழுதினதோடு விடாமல் மாடி ஏறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரையிலிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார்.

"தீன் மினிட் ஹோ கயே," என்றார், சுத்தமான டிரங்க்கால் இந்தியில். மூன்று நிமிடம் ஆயிற்றாம். "எந்த எக்ஸ்சேஞ்ச்? டிக்கெட் நம்பர் சொல்லுங்க."

"யார் நீ?" என்று அவன் உறுமினான்.

"மெட்ராஸ் டிரங்க்ஸ். ஆர்டினரியா, அர்ஜென்ட்டா? டிக்கெட் நம்பர் இல்லாம எப்படி லைன்ல வந்தீங்க? உங்க சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க."

அவன் வாழ்க்கையில் எத்தனையோ பேரை மிரட்டியிருப்பான். டிக்கெட் நம்பர் கேட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். "மேடம், திஸ் ஈஸ் போலீஸ்..." என்று திணறினான். "போலீஸ்னா அர்ஜென்ட்ல புக் பண்ணணும். வரிசையில இருங்க," என்று மேஜை மேல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்று சத்தம் வந்தது. அப்புறம் அவனே வைத்துவிட்டான்!

"அண்ணனைப் பிடிச்சுட்டாங்களாம் மேடம்..." என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. உங்க அண்ணன் வீட்ல சௌக்கியமா இருக்கார். பயப்படாதீங்க."

சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. சாயங்காலம் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. எனக்கு ஒரு அண்ணன் இருக்கிற விஷயமே இந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாதே? ஓடிப்போய்க் கேட்டேன். "காதுல விழுறது..." என்று ஆரம்பித்தார். முழுசாகக் கூடக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது.

இதற்குப் பிறகு மூன்று மாதம் இருக்கும். ஒரு அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு அப்போதுதான் ஈர வேட்டியை உதறிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். மேடம். மூச்சு வாங்க நின்றார். ஹெட்செட் கழுத்தில் இல்லை, தலையில் மாட்டியிருந்தார்.

"சார், கீழ வாங்க. உங்களுக்கு லைட்னிங் கால்."

லைட்னிங் என்றால் மற்ற எல்லா அழைப்பையும் ஒதுக்கிவிட்டு இணைப்பது. "சாவு, சண்டை, மந்திரி, இந்த மூணுக்குத்தான் லைட்னிங்," என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆறு வருடத்தில் எந்த வீட்டுக்கும் அவர் அதைக் கொடுத்ததில்லை. எனக்கு மந்திரி யாரையும் தெரியாது. சண்டைதான் ஏற்கெனவே நடக்கிறது. மிச்சம் ஒன்றுதான். எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியவில்லை.

காவல் அறையில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக் கத்தை ஒன்றை என் கையில் வைத்தார்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல செய்யாத தப்பை இப்ப செய்யறேன் சார். உங்க அண்ணன் ஒவ்வொரு அமாவாசையும் பத்து மணிக்கு இந்த நம்பருக்குக் கூப்பிடுவார். உங்க சித்தி கொடுத்த நம்பராம். தம்பி எப்படி இருக்கான், பிரஷர் மாத்திரை போடறானா, இன்னும் எல்லார்கிட்டயும் கத்திக்கிட்டுதான் இருக்கானா, இதைத்தான் கேப்பார். நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்கம்மான்னுவார். போன அமாவாசைக்கு வரலை. இன்னிக்கும் வரலை. பத்தரை ஆச்சு."

சீட்டுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் 'எங்கிருந்து' என்ற இடத்தில் நாக்பூர். 'எத்தனை நிமிடம்' என்ற இடத்தில் மூன்று. பாவி, அவனையும் மூன்று நிமிடத்தில்தான் வெட்டியிருக்கிறார். 'யாருக்கு' என்ற இடம் மட்டும் காலி. ஆறு வருடத்துச் சீட்டு அத்தனையிலும் காலி.

"ஆறு வருஷமா? ஆறு வருஷமா வாயை மூடிட்டு இருந்தீங்களா? மனுஷிதானா நீங்க?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"அவர் உங்களைப் பத்திதான் சார் கேட்டார். உங்களைக் கேக்கலை. பார்ட்டி பேர் சொல்லி புக் பண்ணாத காலை நான் எப்படி கனெக்ட் பண்ணுவேன்? ஒரே ஒரு தடவை, தம்பியைக் கூப்பிடுன்னு சொல்லமாட்டாரான்னு ஒவ்வொரு அமாவாசையும் காத்துக்கிட்டுதான் இருந்தேன்." அவர் குரல் தழுதழுத்தது. அப்படி ஆகி அதுவரை நான் கேட்டதில்லை. புதுச் சீட்டு ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "இப்ப நீங்க புக் பண்ணுங்க. நாக்பூர்ல யாரு வேணும்? பேரைச் சொல்லுங்க."

ஆறு வருடமாக வாயில் வராத பெயர். "கிருஷ்ணமூர்த்தி," என்றேன். எழுதிக்கொண்டு, அவரே எண்ணை அழுத்தினார்.

அண்ணிதான் எடுத்தாள். மேடம் கேட்டுக்கேட்டு எனக்குச் சொன்னார். அண்ணனுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. சத்தமாகப் பேசக்கூடாது. உயிரோடு இருக்கிறான்! நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் ரிசீவரை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் ஒரு எழுத்துக் கூட வாயிலிருந்து வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேடம் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார்.

"லைன் கிளியரா இல்லை. நான் வாங்கிச் சொல்றேன்," என்றார். பிறகு ஃபோனில், "நாக்பூர், காத்திருங்க. மெட்ராஸ் பார்ட்டி அழுதுட்டிருக்கார்." என் பக்கம் திரும்பி, "நாக்பூர் பார்ட்டியும் அழறார்."

ஏழுமலை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

"நாக்பூர் பார்ட்டி சொல்றார்," என்றார் மேடம், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல். "மடையா, எதுக்குடா அழறே, நான் இன்னும் சாகலை."

"ஆபரேஷன்னு ஒரு வார்த்தை ஏன்ணா சொல்லலை?"

அதையும் சொன்னார். பதிலைக் கேட்டுக்கொண்டு ஒரு நொடி தயங்கினார். ஆனால் வந்ததை வந்தபடி சொல்வதுதானே அவர் தொழில்? "நாக்பூர் பார்ட்டி கேக்கறார்: அப்பாவுக்கு நீ ஒரு மணி நேரம் எனக்காகக் காத்திருந்தியா?"

ஆறு வருடமாக எனக்கு நானே ஒரு நூறு பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். ராகு காலம், பெரியவர்கள், பனிமூட்டம்.

"தப்புதான்ணா," என்றேன். "காத்திருந்திருக்கணும்."

"மெட்ராஸ் பார்ட்டி சொல்றார்: தப்புதான் அண்ணா. காத்திருந்திருக்கணும்." இந்த முறை அறிவிப்புக் குரல் பாதியில் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் ரிசீவரைக் காதில் வைத்தபடி காத்திருந்தார். வாசலில் கூரியர்காரர் ஒருவர் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த அம்மாள் எந்த நிமிடமும் வெட்டிவிடுவாரே!

"மேடம், மூணு நிமிஷம் தாண்டிடுச்சு..." என்றேன் கெஞ்சலாக.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லை சார். ரெண்டு பார்ட்டியும் பேசத் தொடங்கினாத்தான் நேரம். அழறதெல்லாம் கணக்குல வராது." சொல்லிக்கொண்டே மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றி, மேஜை மேல் முகம் குப்புற வைத்தார். பிறகு காதை ரிசீவரில் அழுத்தினார். முகம் மலர்ந்தது.

"நாக்பூர் பார்ட்டி கேக்கறார்: எப்படா வரே?"

அதற்கப்புறம் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் ஏழுமலையின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "இன்னா டிரங்கம்மா, கட் பண்லியா?" என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது. "சும்மா இருடா," என்றார். நாங்கள் பேசி முடித்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'எத்தனை நிமிடம்' என்ற இடத்தில், மணி மணியான கையெழுத்தில், 'மூன்று' என்று எழுதியிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே நாக்பூருக்கு ரயில் ஏறினேன். அங்கே வாங்கிய திட்டைத் தனியாக எழுத வேண்டும்.

போன வருடம் மேடம் கோயம்புத்தூரில் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். இன்டர்காம் மறுபடி ஏழுமலை கைக்கு வந்தது. பிரியாணி சூடாகவே வருகிறது. எனக்குத்தான் என்னவோ அது தொண்டையில் இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவரைக் கூப்பிடுவேன். அண்ணன் உடம்பு எப்படி என்று கேட்பார், நான் கத்தினால் லைனில் கத்தக்கூடாது என்பார். சரியாக மூன்று நிமிடத்தில், "த்ரீ மினிட்ஸ்," என்று வைத்துவிடுவார்.

நான் உடனே மறுபடி கூப்பிடுவேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறார்.